விருந்தாளிக்கு ஒரு டம்ளர் ஊருணித் தண்ணீர்

என் கடவுச்சீட்டுப்படி காரைக்குடி எனக்கு வெளிநாடு. சேலத்தில் பிறந்து, கல்யாணமாகி வடக்கே ஒரு குளிர்நாட்டுக்குப் போய், கடைசியில் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டதால், தமிழ் பேசுகிற இடத்துக்கு வர நான் விசா எடுக்க வேண்டியிருக்கிறது. படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடம் வந்தபோது ‘தண்ணீர் பார்க்க’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். உண்மை அதுதான். ஆனால் தூதரகத்தில் விளையாட்டு செல்லாது என்பதால் ‘அலுவல்’ என்று எழுதினேன்.

நான் வசிப்பது பணக்கார நாடு. வெயிலைத் தவிர அங்கே எல்லாம் உண்டு. ஒரு சர்வதேச வளர்ச்சி முகமையோடு கைகோத்து அது வெளியூர்களுக்கு உதவி செய்கிறது. ‘கைகோத்து’ என்பது அவர்கள் அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல். நாடு பணம் கொடுக்கும், முகமை வேலையைச் செய்யும், வேலை முடிந்த இடத்தில் இரண்டு பேருடைய சின்னமும் ஒரே பலகையில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். நாட்டின் பெயரையும் முகமையின் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் வெறும் மொழிபெயர்ப்பாளர். சொன்னதைச் சொல்ல வேண்டும், சொல்லாததைச் சொல்லக் கூடாது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுவது இந்த ஒரு விதியால்தான்.

இந்த முறை பார்க்க வேண்டியது ஓர் ஊருணி. செட்டிநாட்டுப் பக்கம் ஊர் குடிப்பதற்கென்றே மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளத்துக்கு அந்தப் பெயர். செருப்போடு கரை ஏறக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, கால் நனைக்கக்கூடக் கூடாது. பள்ளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்த ஊருணியைக் கூட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்தில் தூர்வாரிக் கரையும் படியும் கட்டியிருந்தார்கள். இரண்டாம் கட்டம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய எங்கள் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஆண்டர்ஸ் என்பவர் வந்தார். நான் அவருடைய நாக்காகக் கூட வந்தேன்.

காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. பங்குனி மாதம். வெயில் இன்னும் எழுந்திருக்கவில்லை, ஆனால் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பது தெரிந்தது. முகமையின் சென்னை அலுவலகத்துப் பெண் பிரபா, ஒரு காதில் தொலைபேசியோடு எங்களை வரவேற்றாள். அவளோடு வாடகைக் கார் ஓட்டுநர் சேவுகன் வந்திருந்தார். தேவகோட்டைக்காரர், ஆண்டர்ஸின் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், ஐஸ் கட்டியையும் கொண்டாந்துட்டாகளா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஆண்டர்ஸ் சிரிக்காமல், புத்தகங்கள் என்று பதில் சொன்னார். ஆறடிக்கு மேல் உயரம், மெல்லிய குரல், எதையும் கேட்டால் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசிக்கிற மனிதர்.

பள்ளத்தூரில் ஓட்டலாக்கிய ஒரு பெரிய வீட்டில் தங்கினோம். முகப்பு ஒரு தெருவில் என்றால் கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவில் வெளிச்சம் விழும் முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு முற்றம். தன் அறையைத் தேடிக்கொண்டு போன ஆண்டர்ஸ், கதவு கதவாகத் திறந்துகொண்டே போய்ப் பின் தெருவில் வெளியே வந்துவிட்டார். எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நின்றவரை, கீரை வாங்கிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி முன்வாசல் வழியாக அழைத்து வந்து எங்களிடம் ஒப்படைத்தார். வெள்ளைக்காரர் தொலைந்து போனால் எந்த வீட்டில் சேர்ப்பது என்று அந்தத் தெருவுக்கே தெரியும் போலிருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். அப்புறம் கவுனி அரிசி, கறுப்பாக, இனிப்பாக, தேங்காய்ப்பூ தூவி. துவையல் தொட்ட முதல் வாய்க்கே ஆண்டர்ஸின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது வலிக்கிறது. இன்னொன்று கிடைக்குமா?” என்று கேட்டார். பரிமாறியவர் என்னைப் பார்த்து, “மெதுவாச் சாப்புடச் சொல்லுங்க. பணியாரம் எங்கிட்டும் ஓடிப் போயிராது” என்றார். எங்கள் ஊரில் காலையில் குளிர்ந்த ரொட்டியைக் குளிர்ந்த பாலாடைக்கட்டியோடு நின்றுகொண்டே தின்றுவிட்டு ஓடுவார்கள். உட்கார வைத்துக் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுகிற இந்த ஊரில் ஆண்டர்ஸ் மூன்று நாளும் கொஞ்சம் மயக்கத்திலேயே இருந்தார்.

எனக்கும் மயக்கம்தான். மத்தியானம் தெருவில் ஓர் ஆள் இல்லை. பெரிய பெரிய வீடுகள் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. முற்றத்துத் தரை பாதம் வைக்க முடியாத சூடு, இரண்டடி தள்ளி நிழலில் அதே தரை சில்லென்றிருந்தது. அங்கே பாய் விரித்துப் படுத்தேன். மழை பெய்தால் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் இந்த முற்றத்தில் வந்து விழும்படி கட்டியிருக்கிறார்கள் என்று யோசித்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் முற்றத்துக்குள் பனி பெய்தது. பனியை அள்ளி அண்டாவில் போட்டு வைக்க நான் ஓடுகிறேன், அண்டா நிறையவே மாட்டேன் என்கிறது. விழித்தபோது வாய் வறண்டு கிடந்தது.

சாயங்காலம் பிரபா அடுத்த நாள் நிகழ்ச்சியைச் சொன்னாள். அந்த ஊரின் ஊருணிக் குழுவுக்குத் தலைவி மீனாள் என்பவர். போன வருடம் முழுக்க அவர் பிரபாவைத் தூங்கவிடவில்லை. ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது, அதைத் திறக்காமல் குளத்தை மட்டும் வெட்டினால் தண்ணீர் எப்படி வரும் என்று தினம் ஒரு போன். பிரபாவும் விடவில்லை. ஆனால் முதல் கட்ட ஒப்பந்தத்தில் கரைக்கு உள்ளே செய்கிற வேலை மட்டும்தான் இருந்தது. கால்வாய் கரைக்கு வெளியே. அதை இரண்டாம் கட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

“ஆனா இந்த மாசம் அவங்ககிட்டேருந்து போனே இல்ல. நேத்து நானே கூப்பிட்டேன். தண்ணி இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. மழையில நெறஞ்சிடுச்சு போல” என்றாள் பிரபா. அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தூர்வாரிய குளம் காலியாகக் கிடந்தால் அவள் பாடுதானே திண்டாட்டம்.

மறுநாள் காலை பத்து நிமிடம்கூடப் போயிருக்க மாட்டோம், ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஒற்றைத் தார் ரோடு, முந்த வழியில்லை. லாரியின் பின்குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது. கொதிக்கிற தாரில் ஈரக்கோடு விழுந்து, ஆவியாகி, எங்கள் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தது. தூரத்தில் கானல், அதற்குள் லாரி மிதப்பது மாதிரி தெரிந்தது. இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று ஆண்டர்ஸ் கேட்டார். சேவுகன் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “ஏதாச்சும் கல்யாண வீடா இருக்கும்” என்றார்.

லாரியைப் பார்த்துப் பார்த்து மெதுவாகப் போனதில் காருக்குச் சூடு ஏறிவிட்டது. முன்னாலிருந்து புகை வந்தது. சேவுகன் இறங்கி மூடியைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினார். கார் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அப்புறம் வந்த டவுன் பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஏறினோம். ஆண்டர்ஸ் நிமிர்ந்து நிற்க முடியாமல் தலையைச் சாய்த்து நின்றார். ஒரு பெண்மணி தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உக்காரச் சொல்லு தாயி, கழுத்து ஒடிஞ்சிரும்” என்றார். எங்கள் நாட்டில் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் இன்னொருவர் உட்கார மாட்டார். இங்கே இல்லாத இடத்தை உண்டாக்கித் தருகிறார்கள். இறங்கும்போது ஆண்டர்ஸின் கையில் அந்தக் கூடையிலிருந்து வந்த இரண்டு நுங்கு இருந்தது.

ஊர் எல்லையிலேயே நின்றிருந்தார்கள். நிறைகுடம், மாவிலை, தேங்காய், சந்தனம், எதிலும் குறைவில்லை. மீனாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்ட கைத்தறிச் சேலை, பார்த்ததுமே இவரை ஏமாற்ற முடியாது என்று தோன்றுகிற முகம். விவசாயக் குடும்பம், வயலும் மாடும் உண்டு. “வாங்கக்கா, வாங்க சார், கார் படுத்துருச்சாமே, நல்லா வாரீகளா?” என்று எல்லோரையும் ஒரே மூச்சில் கேட்டார். கேட்டாரே தவிர, அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஊருணி அழகாக இருந்தது. சின்னதுதான். செம்மண் கரை, கல் படிகள், பாதிப் படி வரை தண்ணீர். பலகையில் இரண்டு சின்னங்களும் வெயிலில் மினுங்கின. கரை அடியில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்து, யாரும் சொல்லாமலே ஆண்டர்ஸ் தன் பெரிய காலணியையும் உறையையும் கழற்றினார். சுடுகிற மண்ணில் குதித்துக் குதித்து ஏறி, மேல் படியில் உட்கார்ந்து, வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. ஊர் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அடியில் காய்ந்த கோரைப்புல் அப்படியே நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. தூங்குகிற ஒருவருடைய தலைமயிர் மாதிரி அது மெல்ல அசைந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மழைக்காலத்துத் தண்ணீர் இத்தனை மாதம் நின்றிருந்தால் இந்தப் புல் அழுகியிருக்க வேண்டும். தாமரை இலை ஒன்றில்லை. தவளை ஒன்றில்லை. படியின் ஓரத்தில் பாசி இல்லை. கரையின் மறுபக்கம் தார் ரோட்டிலிருந்து அதன் அடி வரை, கனத்த வண்டிச் சக்கரம் பதிந்த தடம் ஈரமாக இருந்தது.

மத்தியானம் சமுதாயக் கூடத்தில் இலை போட்டு விருந்து. கோழிக் குழம்பு, அரிசி கழுவின நீரில் காய் போட்டுச் செய்த மண்டி, ரசம், பாயசம். மீனாள் நின்று பரிமாறினார். வரத்துக்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரபா தானாகப் பேச்சை எடுத்தபோதும், “அதெல்லாம் அப்பறம் பேசிக்கிருவோம், மொதல்ல சாப்புடுங்க” என்று அப்பளம் வைத்தார். குடிக்கப் பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஊருணி இவ்வளவு பக்கத்தில் இருக்கப் பாட்டில் எதற்கு என்று ஆண்டர்ஸ் கேட்டார். வெளிநாட்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான்.

சாயங்காலம் கார் பிழைத்து வந்தது. ஆண்டர்ஸும் பிரபாவும் ஓட்டலில் இறங்கிக்கொண்ட பிறகு, சேவுகனை ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். டீ வந்தது. கல்யாணம் யார் வீட்டில் என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றினார்.

“என் சம்சாரத்துக்கு அந்த ஊருதான்க்கா. என்னையக் காட்டிக் குடுத்துராதீக. நாலு நாளா லாரி ஓடுது. வீட்டுக்கு வீடு காசு பிரிச்சுத்தான் தண்ணி வாங்கியிருக்காக. ஊருணி வெறுந்தரையாக் கெடந்துச்சு. வெள்ளக்காரரு அம்புட்டுத் தொலவுலருந்து வாராரு, அவருக்கு வெறும் ஊருணியவா காமிக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரே ஆள் வந்தால் காலிக் குடத்தோடு போகாமல் ஒதுங்கி நிற்கிற ஊர்க்காரர்கள். விருந்தாளியை நிறைகுடத்தோடு எதிர்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். குடத்தை நிறைத்ததோடு நிறுத்தாமல் குளத்தையே நிறைத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லை என்று சொல்லி உதவி கேட்டவர்கள், தண்ணீர் இல்லாததைக் காட்ட வெட்கப்பட்டார்கள். உலகத்தில் வேறு எங்கே இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் நடக்கும்!

இந்தத் தண்ணீர் வற்றினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். போன கோடை போலத்தான், பக்கத்து ஊர் ஊருணியில் போய்க் குடத்தோடு நிற்க வேண்டும் என்றார் சேவுகன். அந்த ஊர்க்காரர்கள் முதலில் எடுத்த பிறகுதான் இவர்கள் இறங்கலாம். போன வருடம் மீனாளை ஒருத்தி, உங்கள் ஊரில்தான் வெள்ளைக்காரன் குளம் வெட்டினானே, இங்கே எதற்கு வந்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். மீனாள் காலிக் குடத்தோடு திரும்பி நடந்து வந்தாராம்.

அன்று சாப்பிடும்போது ஆண்டர்ஸ் மிகவும் சந்தோஷமாக இருந்தார். இத்தனை நாடுகள் போயிருக்கிறேன், ஒரு வேலை சொன்னபடி முடிந்து நிற்பதை இன்றுதான் பார்த்தேன் என்றார். கால்வாய் இல்லாமலே குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதனால் இந்த ஊருக்கு இரண்டாம் கட்டம் தேவையில்லை, அதைத் தண்ணீரே இல்லாத வேறொரு நாட்டுக்குத் திருப்பப் பரிந்துரைக்கப் போகிறேன் என்றார். பிரபா தலையாட்டினாள். அவள் பார்வையில் அது ஒரு வெற்றி.

நான் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் எதைச் சொல்வது? ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால், எங்கள் நாட்டு விதிப்படி அந்த ஊரோடு கைகோத்த கையை உடனே எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் கால்வாய் இல்லை. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. கடைசியில் என் தொழில் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று அது விதி போலத் தோன்றவில்லை, கோழைத்தனம் போலத்தான் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை விடைபெறுவதற்காக மறுபடி அந்த ஊருக்குப் போனோம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஊருணிக் கரையில் எல்லோரும் கூடியிருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். தண்ணீர் முந்தின நாளைவிட ஒரு படி இறங்கியிருந்தது. ஆண்டர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. வெறுங்காலோடு படியில் நின்று பேசினார். அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம்.

உங்கள் ஊருணி நிறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்தது என் பாக்கியம் என்றார். சொன்னேன். எங்கள் இரு தரப்பின் கூட்டு வேலை இங்கே நல்லபடி நிறைவேறிவிட்டது என்றார். சொன்னேன். இனி மிச்சமுள்ள உதவி தண்ணீர் இல்லாத ஊர்களுக்குப் போகும், அதற்காக நீங்களும் மகிழ்வீர்கள் என்று நம்புகிறேன் என்றார். அதையும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கூட்டத்தில் ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது. மீனாளைப் பார்த்தேன். கால்வாய் கையை விட்டுப் போவது அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது. வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். விருந்தாளி சந்தோஷமாகப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருந்தது.

அப்போது ஆண்டர்ஸ் என் பக்கம் குனிந்து, போவதற்கு முன் இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டார். வயிற்றைப் பற்றிக் கவலையில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஊருணித் தண்ணீரைக் குடிக்காமல் போவது எனக்குக் குறையாக இருக்கும் என்றார். நான் சொன்னேன். யாரும் நகரவில்லை. பின்னால் நின்ற ஒருவர், வந்தவர் வாய்விட்டுக் கேட்கிறாரே என்று பதறி, ஓர் எவர்சில்வர் டம்ளரில் முகந்து கொண்டுவந்து நீட்டிவிட்டார். ஆண்டர்ஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கிண்ணத்தை வாங்குவது போல வாங்கி, உதட்டருகே கொண்டு போனார்.

மீனாள் படி இறங்கி வந்ததை நான் பார்க்கவில்லை. அவர் கை டம்ளரின் வாயை மூடியிருந்ததைத்தான் பார்த்தேன்.

“குடிக்க வேணாம்னு சொல்லுங்கக்கா. இது ஊருணித் தண்ணி இல்ல.”

ஆண்டர்ஸ் என்னைப் பார்த்தார். பிரபாவும் பார்த்தாள். நான் சொன்னேன், சொன்னதைச் சொன்னபடி.

“லாரித் தண்ணி. உப்புத் தண்ணி. மழத்தண்ணி வாரதுக்கு வழியே இல்ல, வரத்துக்கால் மூடிக் கெடக்கு. அம்புட்டுத் தூரத்துலருந்து வாரீக, வெறும் ஊருணியக் காமிச்சு எப்புடி வாங்கன்னு சொல்றது? அதான் ஊரே சேந்து நெறச்சோம். கண்ணுக்குக் காமிச்சது எங்க தப்புத்தான். அதுக்கு நீங்க ஒண்ணும் செய்யாமப் போனாலும் சரி. ஆனா ஊருணித் தண்ணின்னு நம்பி வாயில வைக்கிறவுகளுக்கு வேற தண்ணியக் குடுக்க மாட்டேன். அந்தப் பாவத்த எங்குட்டுப் போயிக் கழுவுறது?”

குரல் உயரவில்லை. கையை எடுக்கவில்லை, டம்ளரிலிருந்து தண்ணீர் அவர் விரல் வழியாக ஒழுகிப் படியில் விழுந்தது. கண்ணைத் துடைக்காமல் நின்றார். இரண்டு நாளில் முதல் முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பாவம் என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டு மொழியில் ஈடான சொல் மெலிந்துவிட்டது, யாரும் அதை இப்போது பயன்படுத்துவதில்லை. அதையே எடுத்துப் போட்டேன்.

அவர் வழக்கம்போல யோசித்தார். அந்த நேரத்தில் பிரபாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பிறகு டம்ளரைப் படியில் பத்திரமாக வைத்தார். “எங்கள் ஊரிலும் அமைச்சர் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம்” என்றார். “ஆனால் இங்கே தண்ணீர் இல்லை என்றுதான் நான் எழுதியாக வேண்டும். லாரியையும் எழுதியாக வேண்டும். என்னைத் தடுத்தது யார் என்பதையும் எழுதுவேன்.” அப்புறம் மீனாளைப் பார்த்து, தண்ணீர் வரவேண்டிய வழி எது என்று கேட்டார்.

நடந்தோம். முன்னால் மீனாள், பின்னால் ஆண்டர்ஸ், அவர்களுக்குப் பின்னால் ஊரே. ஒரு காலத்தில் கால்வாயாக இருந்த பள்ளத்தில் சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. வெள்ளை முள், தூசி, வண்ணத்துப்பூச்சிகள். எங்கிருந்தோ மயில் கத்தியது. வெயில் ஏற ஏற எல்லாம் ஒரு கனவுக்குள் நடப்பது போல இருந்தது. தண்ணீர் வந்திருந்தால் அது நடந்திருக்க வேண்டிய வழியில், அதற்குப் பதிலாக நாங்கள் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தோம். கடைசியில் பள்ளம் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. மேலே வீட்டுமனைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன, ஒரு வீடுகூட இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய் மறுபடி தொடர்ந்தது, தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல்.

“இம்புட்டுத்தான் சார்” என்றார் மீனாள். “இந்த மேட்டுக்குக் கீழ ஒரு சின்னப் பாலம் போட்டாப் போதும். மழ பேஞ்சா தண்ணி தானா வந்துரும், யாரும் கூப்புட வேணாம்.”

ஆண்டர்ஸ் மேட்டின் மேல் ஏறி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கிளம்பும்போது மீனாள் கைகூப்பி, “ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமப் போறீக, மனசு கெடந்து அடிக்குது” என்றார். அவர் கால்வாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் நாட்டில் எதுவும் வேகமாக நடக்காது. ஆண்டர்ஸின் அறிக்கை மேலே போனது, கேள்வியோடு கீழே வந்தது, மறுபடி போனது. ஏமாற்றிய ஊருக்கு எப்படிக் கொடுப்பது என்று முகமையில் சிலர் கேட்டார்களாம். தண்ணீர் குடிக்கப்போன என்னை டம்ளரை மூடித் தடுத்த ஊர் இது, இதைவிட நம்பிக்கையான கூட்டாளி எனக்குத் தெரியாது என்று ஆண்டர்ஸ் பதில் எழுதினாராம். இதெல்லாம் பிரபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு கோடை போயிற்று. அந்தக் கோடையிலும் மீனாள் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப் போயிருப்பார்.

அதற்கடுத்த குளிர்காலம், டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் வரை பனி. தொலைபேசியில் ஒரு வீடியோ வந்தது. இருட்டிக்கொண்டு மழை, புதிதாகக் கட்டிய ஒரு சின்னப் பாலம், அதன் வாயிலிருந்து செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. யாரோ குலவை போட்டார்கள். தண்ணீர் சத்தத்தில் மீனாளின் குரல் பாதிதான் கேட்டது. மூன்று டிராம்களை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் அழுவதைக் குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

வீடியோவை ஆண்டர்ஸுக்கு அனுப்பினேன். அவர் இப்போது வேறு துறையில் இருக்கிறார். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி வந்தது: தண்ணீர் எப்படி இருக்கிறது? நான் மீனாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கலங்கல் தெளிந்து ஊரே குடிக்கிறது என்று சொன்னவர், ருசி எப்படி என்று கேட்டதும் சிரித்தார்.

“அத நாங்க சொல்ல மாட்டோம்க்கா. போன தடவ நாங்க காமிச்சத நம்பித்தான் அவுக ஏமாந்தாக. இந்தத் தடவ அவுகளே வந்து குடிச்சிட்டுச் சொல்லட்டும்.”

சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். போன வாரம் ஆண்டர்ஸ் கூப்பிட்டார். சொந்தச் செலவில் போகிறாராம், விசாப் படிவம் எதிரே இருக்கிறதாம், பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். தண்ணீர் குடிக்க என்று எழுதச் சொன்னேன்.